அரைப் பாலம்

கிழக்கே பாண்டவையாற்றுக் கரை,
மேற்கே பிச்சைக்கட்டளை எல்லைக் கல்,
தெற்கே சுடுகாட்டுப் பாதை,
வடக்கே செட்டி வாய்க்கால்.
இந்நான்கெல்லைக்கு உட்பட்டது மூன்றாம் வார்டு
என்று தட்டச்சு செய்தவன் நான்தான்.
ஊராட்சிச் செயலர். பதினோரு வருட சர்வீஸ்.

வடக்கே செட்டி வாய்க்கால் என்றேனே,
எந்தக் கரை என்று எழுதவில்லை.
ஐந்தாம் வார்டுக்கு அடிக்கும்போதும்
தெற்கே செட்டி வாய்க்கால் என்றே அடித்தேன்.
மதியச் சாப்பாட்டு நேரம். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது.
பதினாறடி அகலத் தண்ணீர்
இரண்டு தாளிலும் இல்லாமல் போயிற்று.

மூன்றுக்கு மங்கையர்க்கரசி உறுப்பினர்.
ஐந்துக்கு சலேத்மேரி. நடவு முடித்து
கணுக்கால் சேறு காயுமுன் கூட்டத்துக்கு வந்துவிடுவாள்.
பாலம் வேண்டும் என்றார்கள் இருவரும்,
ஒரே கிராம சபையில், ஒரே மைக்கில்.
ரேஷன் கடை இந்தப் பக்கம்,
நெல் கொள்முதல் களம் அந்தப் பக்கம்.

'எந்த வார்டுல வருது பாலம்?'
ஒன்றியப் பொறியாளர் கேட்டார்.
நான் வாய்க்காலைப் பார்த்தேன்.
தண்ணீர் நீர்வளத்துறைக்கு.
கரை வருவாய்த்துறைக்கு.
கரையில் சாய்ந்திருக்கும் கம்பம் மின்வாரியத்துக்கு.
கம்பத்தில் எரியாத விளக்கு மட்டும்
எங்களுடையது.

அவரே வழி சொன்னார்:
பாதி இந்த வார்டு கணக்கில், பாதி அந்த வார்டு கணக்கில்.
இரண்டு மதிப்பீடு, இரண்டு பணி எண்.
ஒன்றுக்கு மார்ச்சில் உத்தரவு வந்தது.
மற்றது வரவில்லை.

தெற்குக் கரையிலிருந்து கிளம்பிய பாலம்
நடு வாய்க்காலில் தூண் ஊன்றி
அங்கேயே நின்றது.
பக்கத்தில் மஞ்சள் பலகை: பணி முடிவுற்றது.
பலகை பொய் சொல்லவில்லை.
அந்தப் பணி
முடிவுற்றுத்தான் இருந்தது.

மேட்டூர் திறந்து பதினைந்தாம் நாள்
வெங்காயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது.
காத்தமுத்து, ஐந்தாம் வார்டு, நான்கு ஓட்டு உள்ள வீடு,
தலையில் இருபது கிலோ அரிசி.
பாலம் முடியும் இடம்வரை வந்தார்.
கீழே பார்த்தார்.
திரும்பி நடந்து, கரை வழியாக இறங்கி,
இடுப்பளவு தண்ணீரில் போனார்.
மூட்டை நனையவில்லை.
அலுவலகச் சன்னலில் நான் நிற்பது தெரிந்தும்
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம்
இரண்டு தென்னந்துண்டு கிடந்தது தூணுக்கும் வடகரைக்கும் நடுவே.
புயலில் விழுந்தது மங்கையர்க்கரசி கொல்லை மரம்.
இழுத்தது சலேத்மேரியின் கொழுந்தன் டிராக்டர்.
கட்டிய கயிறு யாருடையதோ, மாட்டு வாசம்.
தீர்மானம் இல்லை. பணி எண் இல்லை.
குறைவெண் வரம்பு பார்த்து
கையெழுத்து வாங்க ஒருவரும் அலையவில்லை.

தணிக்கைக்கு வந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
'இந்த மரம் எந்த வார்டுச் சொத்து?'
இரண்டு பேரையும் வரச் சொன்னேன்.
'அது அங்கயே கெடந்துச்சு சார்,' என்றாள் சலேத்மேரி.
'வாய்க்கால்ல அடிச்சிட்டு வந்திருக்கும்,' என்றாள் மற்றவள்.
தென்னை எதிர்நீச்சல் போட்டு வந்து
குறுக்கே படுத்ததாக
அவரும் எழுதிக்கொண்டார்.

சொத்துப் பதிவேட்டில் நான் ஏற்றினேன்:
தென்னந்துண்டு, எண்ணிக்கை இரண்டு, மதிப்பு இல்லை.
வார்டு என்ற கட்டத்தில்
மூன்று எழுதி அடித்தேன்,
ஐந்து எழுதி அடித்தேன்.
வெளியே யாரோ சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு
மரத்தின்மேல் நடந்தார்கள்.
நடுவில் நின்று, அந்தப் பக்கம் வருகிறவருக்கு
'நீங்க வாங்க முதல்ல' என்றது குரல்.

கட்டம் இன்னும் காலி.
வருகிற ஜனவரியில் ஊரை நகராட்சியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு.
புது எண்கள் வரும். நான்கெல்லையும் மறுபடி அடிக்க வேண்டும்.
இம்முறை வாய்க்காலில் இறங்கிப் பார்த்துவிட்டு
அடிக்கலாம் என்றிருக்கிறேன்.